நாலாம் நம்பர் வீட்டுக்காரர்

அந்தப் பலகையை நட்டது யாரென்று ஒருவரும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு ஆட்கள் மலைக்கு ஏறும்போது, எங்கள் வரிசை வீடான ஐந்து கதவு லயத்தை ஒட்டிய சரிவில், பனிக்குள் அது நின்றுகொண்டிருந்தது. பச்சைத் தகரம், வெள்ளை எழுத்து, மலாய்மொழி: தாப்பாக் தாமான் பெரிங்காத்தான். கீழே ஓர் அம்புக்குறி. அம்பின் மூக்கு நேராகச் சாம்பசிவத்தின் நாலாம் நம்பர் கதவைக் காட்டியது.

படித்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் ஒன்பதாங்கட்டைத் தோட்டத்துக் கிராணி, பெயர் குணாளன். ஆபீசில் இருபத்தாறு வருடம் நாற்காலி தேய்த்தவன் என்பதால் விஷயம் தெரிந்தவன் என்று நம்பப்படுகிறவன். அந்த நம்பிக்கையை நான் அதுவரை பத்திரமாகக் காப்பாற்றி வந்தேன்.

ஆனால் எனக்கு முன்னால் இருளப்பன் படித்துவிட்டான். அவன் செடிக்கு மருந்தடிக்கிற ஆள். லயத்தின் முதல் கதவில் இருக்கிறான். எந்தச் செய்தியும் அவன் வாசலைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். தாண்டும்போது கொஞ்சம் வீங்கிவிடும்.

"தாமான் தெரியும்ல? தானா ராத்தா பக்கம் வரிசையா வீடு கட்டி விக்கிறானே, அது. பெரிங்காத்தான் தெரியும்ல? கரண்டுப் பொட்டியில மண்டையோடு வரைஞ்சு மேல எழுதியிருப்பான், எச்சரிக்கைன்னு. ரெண்டையும் சேத்துப் படி. தாமான் வருது, மருவாதியா காலி பண்ணு. அவ்ளோதான் லா."

மலாயில் தாப்பாக் என்றால் அமையப்போகும் இடம்; தாமான் என்றால் பூங்கா என்றும் பொருள். பெரிங்காத்தான் என்றால் நினைவு என்றும் பொருள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்படி இல்ல. அது நினைவுத் தோட்டம்" என்று நல்ல தமிழில் விளக்கம் கொடுத்தேன்.

கொடுத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. வேறு ஊரில் தோட்டம் என்றால் பூச்செடி ஞாபகம் வரலாம். எங்களுக்குத் தோட்டம் என்றால் இந்தத் தேயிலை மலை, இந்த லயம், மாசச் சம்பளம் எல்லாம் சேர்ந்த ஒன்று.

சாம்பசிவம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப தோட்டம் இனிமே நெனவு மட்டுந்தானா கிராணி?"

இருளப்பனின் எச்சரிக்கையே தேவலாம் என்று ஆகிவிட்டது.

மற்றவர்களுக்கு அது பேச்சு. சாம்பசிவத்துக்கு அது வீடு. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, செடி வரிசைக்கு மேலே நடத்திக்கொண்டு போகிற கொழுந்து வெட்டும் மிஷினில் அவர் ஒரு கை. இன்னொரு கை பங்களாதேஷிலிருந்து வந்த பையன்களில் மாதம் ஒருவன். சாம்பசிவத்துக்கு அறுபது முடிய எட்டு மாதம் இருந்தது. முடிந்தால் ஓய்வு. ஓய்வு என்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். வீட்டில் இன்னும் கொஞ்ச காலம் இருந்துகொள்ள அவர் துரையிடம் கேட்டிருந்தார். துரை "பாக்கலாம்" என்றிருந்தார். எங்கள் மேனேஜர் "முடியாது" என்று சொல்லக் கூச்சப்படுகிற மனிதர்; அதனால்தான் அவர் "பாக்கலாம்" என்றால் முடியாது என்றே எல்லாரும் எடுத்துக்கொள்வோம்.

அன்று மத்தியானம் நான் சாம்பசிவத்தின் வீட்டில் சாப்பிட்டேன். என் மனைவி பிள்ளைகளின் படிப்புக்காக ஈப்போவில் இருக்கிறாள். ஒன்பது வருடமாக, வார நாட்களில் எனக்குச் சோறு போடுவது சாம்பசிவத்தின் மனைவி அம்சவல்லி அக்கா. நெத்திலி சம்பல், சௌசௌக் கூட்டு, மிளகு ரசம். வெளியே டிசம்பர் மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. வழக்கமாக இரண்டாவது அகப்பை கேட்காமலே வரும். அன்று கேட்டும் வரவில்லை.

"போன வாரமே எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. "ஒரு சிஸ்டரு வந்துச்சு. வெள்ளை உடுப்பு, களுத்துல சிலுவ. பழைய கஞ்சில் காடி, அந்தக் குட்டிக் கார, அதுவே ஓட்டிட்டு வந்துச்சு. கையில டேப்பு. கதவுல இருந்து கக்கூஸ் வரைக்கும் அளந்துச்சு. கக்கூஸ்ல இருந்து துணி காயப்போடுற கம்பி வரைக்கும் அளந்துச்சு. எத்தன வருசமா இருக்கீங்கன்னு கேட்டுச்சு. நானும் ஒரு கூமுட்ட, முப்பத்தொரு வருசம்னு சொல்லி, பாலில்லாத தே ஓ போட்டு, பிஸ்கட் வச்சுக் குடுத்தேன்."

"நல்ல சிஸ்டர் மாதிரிதான் தெரிஞ்சுச்சு" என்றார் சாம்பசிவம்.

"உங்களுக்குப் பாம்பும் நல்லாத்தான் தெரியும். கியா பார்ம் கடையில வந்து நில்லுங்க, ஒலகம் தெரியும். மேல நாலு பெரிய ஸ்ட்ராபெரி, அடியில பூராம் பொடிசும் நசுங்குனதும். கடை மொதலாளி தவுக்கே எனக்கு மொத நாளே கத்துக் குடுத்தது அதுதான். இந்தச் சிஸ்டரு சிரிச்சுச்சே, அது மேல் பழம்."

அக்கா சனி, ஞாயிறுகளில் அந்தக் கடையில் பழம் அடைக்கிறார். சந்தேகப்படுவதில் அவரை அந்த வேலை தேர்ந்தவராக்கியிருந்தது. நான் ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்துவிட்டு, என் பங்குக்கு, "பாக்கலாம்" என்றேன். இருவரும் என்னைத் துரையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

புதன்கிழமை சிஸ்டர் திரும்ப வந்தார். பெயர் பெலிசித்தா. நாற்பது வயதிருக்கும், ஈப்போக்காரர். துரையைப் பார்த்துவிட்டு லயத்துக்கு வந்தவரோடு என்னையும் அனுப்பியிருந்தார் துரை. அம்சவல்லி அக்கா வாசலிலேயே நின்றார். இந்த முறை தே ஓ இல்லை.

"பிஷப் சூசைநாதர்னு கேள்விப்பட்டிருக்கீங்களா அக்கா?" என்றார் சிஸ்டர். "போன வருஷம் இறந்துட்டாரு. ரொம்பப் பெரியவரு. இந்தத் தோட்டத்துலதான் பொறந்தாரு. பதினேழு வயசு வரைக்கும் இங்கதான் கொழுந்து எடுத்தாரு. அவருக்கு ஒரு சிலை வச்சு, சுத்தி ஒரு சின்னப் பூங்கா போடலாம்னு கமிட்டியில முடிவு பண்ணிருக்கோம். துரையும் எடம் தர்றேன்னுட்டாரு."

"நல்ல விசயம். வைங்க. எங்க வைக்கிறீங்க?"

"அவர் பொறந்த வீட்டுக்கிட்ட. நாலாம் நம்பர்னு அவரே சொல்லிருக்காரு."

அக்காவின் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. தலைக்கு மேலே கதவு நிலையில் நாலு என்ற எண் இருந்தது. சாம்பசிவம் தீபாவளிக்குத்தான் புதுசாகப் பெயிண்ட் அடித்திருந்தார்.

"அது இந்த நாலு இல்ல சிஸ்டர்" என்றார் அக்கா. "நம்பரெல்லாம் மாத்திட்டாங்க. பழைய நாலு மேல் லயத்துல. அந்தா, மேட்டுல இடிஞ்சு கெடக்கு பாருங்க, அது. வேணும்னா கிராணியையே கேளுங்க. ஆபீசு புஸ்தகமே அவருகிட்டதான் இருக்கு."

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். அக்காவும் பார்த்தார். இந்த ஒன்பது வருடத்தில் நான் தின்ற சம்பல் முழுவதும் ஒன்றாகத் திரண்டு வந்து என்னைப் பார்த்ததுபோல இருந்தது. நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை என்று பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் தலை ஆட்டுவது பொய்யில் சேராது என்று எந்த மதத்திலும் இல்லை.

சாயந்திரம் ஆபீசில் பழைய வீட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பூச்சி அரித்த பக்கம். கீழ் லயம், நாலாம் கதவு: அந்தோணி, மனைவி லூர்தம்மாள், மகன் சூசை. நம்பரை யாரும் மாற்றவில்லை. புத்தகத்தை மூடி, இருந்த இடத்தைவிட ஓர் அடுக்கு உள்ளே தள்ளி வைத்தேன்.

பலகை ஒரு வாரத்தில் மேட்டுக்குப் போனது. லயத்தில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். அக்கா எனக்கு மூன்று அகப்பை சோறு போட்டார். நான் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டேன்.

பிறகு சிலை வந்தது.

ஈப்போவில் செய்த சிலை. சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்னாலேயே லோரியில் ஏற்றிவிட்டார்கள். மேல் லயத்துப் பாதையில் மழைக்கு மண் சரிந்து கிடந்தது. லோரிக்காரன் அன்றே திரும்ப வேண்டும் என்று முரண்டு பிடித்தான். சிலையைச் சுற்றியிருந்தது வெறும் அட்டை. தூறலில் ஊறத் தொடங்கியிருந்தது. பாதை முடிகிற இடத்தில் இருக்கிற வீடு சாம்பசிவத்தினுடையது. சிஸ்டர் எனக்குப் போன் போட்டார். நான் சாம்பசிவத்தைப் பார்த்தேன். அவர், "உள்ள வைங்க, மனுசன் நனையுறாரு" என்றார்.

கனக்கும் என்று ஆறு பேர் போனோம். தூக்கினால் நான்கு பேரே அதிகம். இருளப்பன் நெஞ்சில் தட்டிப் பார்த்தான்; பிளாஸ்டிக் வாளி சத்தம் கேட்டது. வெண்கலம் மாதிரி பெயிண்ட் மட்டும்தான். தலையை முதலில் நுழைத்து, ஆளைப் படுக்க வைத்து உள்ளே கொண்டுபோனோம். முன்னறை முழுவதும் பிஷப் நிறைந்துவிட்டார். தலை முருகன் படத்துக்குக் கீழே, கால் வாசலை ஒட்டி. டிவி பார்க்க வேண்டுமென்றால் அவரைத் தாண்டிப் போய் உட்கார வேண்டும்.

எல்லாரும் போன பிறகு சாம்பசிவம் என் காதருகே வந்தார்.

"குணா, நெசத்தச் சொல்லு. புஸ்தகத்த நீ பாத்துருப்ப."

"பாத்தேன்."

"இந்த வீடுதானே?"

நான் தலையை ஆட்டினேன். இந்த முறை உண்மைக்கு.

அவர் சிலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இல்லன்னு சொல்லி அனுப்புனோம். நேரா வந்து படுத்துட்டாரு பாரு."

அடுப்படியிலிருந்து அக்கா கேட்டுவிட்டார். "என்ன முணுமுணுப்பு? அவர் இங்க தங்க வரல. பாத சரியானதும் போயிடுவாரு." ஆனால் மறுநாள் நான் போனபோது சிலையின் மேல் ஒரு கம்பளி கிடந்தது. யார் போட்டது என்று கேட்டதற்கு, "தூசு விளும்" என்றார். அட்டையை விலக்கி முகத்தையும் பார்த்திருக்கிறார்.

"இந்த மூஞ்சி தோட்டத்து மூஞ்சியே இல்ல கிராணி. ஈப்போவுல வாத்து வறுத்துத் தொங்கவிடுற கடைக்காரர் மாதிரி இருக்கு. கையப் பாருங்க, கொழுகொழுன்னு. கொழுந்து கிள்ளுனவரு கை இப்படியா இருக்கும்? வெரல் நுனி வெடிச்சு, கறை ஏறி, எத்தன சோப்பு போட்டாலும் போகாது. பதினேழு வயசு வரைக்கும் எடுத்தவருக்கு எங்க போச்சு அந்தக் கறை? பெரிய ஆளு ஆனதும் கழுவிட்டாங்களா?"

தன்னுடைய கையை விரித்துக் காட்டினார். அவர் மலைக்குப் போவதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. கறுப்பு இன்னும் இருந்தது.

வியாழக்கிழமை துரை என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஒரு கடிதம் டைப் அடிக்கச் சொன்னார். சிலையும் பூங்காவும் மேட்டில் அமையும். பார்க்க வருகிறவர்களின் பஸ்ஸும் காரும் மேட்டுக்கு ஏற முடியாது. ஆகவே கீழே சமதரையில் கார் நிறுத்த இடம் வேண்டும். சமதரை என்று ஒன்பதாங்கட்டையில் இருப்பது ஒன்றே ஒன்று; அதன்மேல் ஐந்து கதவு லயம் இருக்கிறது. நாலாம் நம்பர் காலியானதும் லயத்தை இடிக்க வேண்டும். மற்ற நான்கு வீட்டாருக்கு வேறு இடத்தில் அறை தரப்படும். சாம்பசிவத்துக்கு அதுவும் இல்லை, அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார்.

"துரை, சிலை கீழயே இருந்துருந்தா?" என்று கேட்டேன்.

"அப்போ சரிவில் இருந்திருக்கும். கார் ரோட்டோரம் நிற்கும். பிஷப் பிறந்த லயத்தை இடிக்க முடியுமா? கமிட்டி விடுமா?" என்றார் துரை. கூச்சமே படாமல் சொன்னார்.

நான் டைப் அடித்தேன். எட்டு வரிக் கடிதத்துக்குப் பதினோரு பிழை. மத்தியானம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, விஷயத்தைச் சொன்னேன். சாம்பசிவம் கையைக் கழுவிவிட்டார். அம்சவல்லி அக்கா கரண்டியைச் சட்டியிலேயே விட்டார்.

"அப்ப காலி பண்ண வந்தவரு இவரு இல்லியா?"

"இவரு மட்டும் இங்க இருந்துருந்தா, லயத்துல யாரும் கை வைக்க முடியாது அக்கா."

"நாந்தான் மேட்டுக்கு அனுப்பிட்டேன்."

"நானும் தலைய ஆட்டுனேன்."

"நீங்க எதுக்குத்தான் தலைய ஆட்டல?" என்றார் அக்கா. திட்டுகிற குரல் இல்லை. அது எனக்குத் திட்டைவிட மோசமாக இருந்தது.

சனிக்கிழமை காலை, பாதை சரியாகிவிட்டது என்று சிஸ்டர் பெலிசித்தா சிலையை எடுக்க வந்தார். அக்கா அன்று கடைக்குப் போகவில்லை. சிஸ்டரை உள்ளே கூப்பிட்டு, பிஷப்பின் கால்மாட்டில் ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்து, தே ஓ கொடுத்தார்.

"சிஸ்டர், அவரு பொறந்தது இந்த வீடுதான். நான் சொன்னது பொய்."

சிஸ்டர் குவளையைக் கீழே வைத்தார். "கார் பார்க் லெட்டர் எனக்கும் வந்துச்சு அக்கா. அது வந்த ரெண்டு நாள்ல வீடு மாறிடுச்சா?"

மேல் பழம், கீழ்ப் பழம் கணக்கு சிஸ்டருக்கும் தெரியும் போலிருந்தது. அக்காவின் முகம் கறுத்தது. முப்பத்தொரு வருடமாக மற்றவர்களைச் சந்தேகித்தவரை, முதல்முறையாக ஒருவர் உட்கார வைத்துச் சந்தேகித்தார்.

"நீங்க நம்பமாட்டீங்க. நானா இருந்தாலும் நம்பமாட்டேன்" என்றார்.

நான் பையிலிருந்து வீட்டுப் புத்தகத்தை எடுத்து சிஸ்டரின் மடியில் வைத்தேன். பக்கத்தைத் திறந்து காட்டினேன். "நீங்க கேட்டப்ப இது எனக்குத் தெரியாது சிஸ்டர். ஆனா அன்னைக்குச் சாயந்திரமே தெரியும். சொல்லல. துரைகிட்டயும் நானே சொல்லிடுறேன்." என் வேலை இதனால் போகுமா என்று அப்போது யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் புத்தகம் பையிலேயே இருந்திருக்கும். என்னை எனக்குத் தெரியும்.

சிஸ்டர் விரலால் எழுத்தைத் தடவிப் படித்தார். அந்தோணி. லூர்தம்மாள். சூசை. பிறகு தலை நிமிர்ந்து, "ஏன் அக்கா பொய் சொன்னீங்க?" என்றார்.

"நீங்க டேப்பு புடிச்சு அளந்தீங்க. எங்க வீட்ட அளந்தவங்க யாரும் எங்க நல்லதுக்கு அளந்ததில்ல."

"நான் எதுக்கு அளந்தேன் தெரியுமா? சிலை ஆறடி. பீடம் நாலடி. இந்த ஊர்ல வெயில் அடிக்கிறதே கொஞ்ச நேரம். சிலையோட நெழல் உங்க துணிக் கம்பியில விழுமான்னு பாத்தேன். விழும். அதனால பீடத்த நகத்தச் சொல்லிருந்தேன்."

அக்கா ஜன்னல் வழியாகக் கம்பியைப் பார்த்தார். அதில் சாம்பசிவத்தின் வேலைச் சட்டை மூன்று நாளாகக் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா" என்றார்.

"நீங்க கேக்கவே இல்லியே."

அன்று முழுவதும் சிஸ்டர் ஆபீசில் துரையோடு உட்கார்ந்திருந்தார். நானும் இருந்தேன், வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டேன். அதை விவரிக்கும் அளவுக்கு எனக்கு மானம் மிச்சமில்லை. கடைசியில் கமிட்டியின் பேரில் ஒரு கடிதம் ஆயிற்று. பூங்கா சரிவில் அமையும். லயத்தை இடிக்கக் கூடாது. பூங்காவைக் கூட்டிப் பெருக்கிச் செடிக்குத் தண்ணீர் விட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் சாம்பசிவம். அவரும் மனைவியும் உயிரோடு இருக்கும்வரை நாலாம் நம்பரில் இருக்கலாம். துரை கையெழுத்துப் போட்டார். அக்கா கடிதத்தை என்னிடம் படிக்கச் சொன்னார். பிறகு இருளப்பனிடம் படிக்கச் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றுதானா என்று யோசித்துவிட்டு, மறுநாள் கடைக்கு எடுத்துப்போய்த் தவுக்கேயின் மகளிடமும் காட்டினார்.

பதினைந்து நாளில் பீடம் எழுந்தது, துணிக் கம்பியில் நிழல் விழாதபடி ஆறடி தள்ளி. சிலையை எடுக்க நாங்கள் நாலு பேர் உள்ளே போனோம்: சாம்பசிவம், இருளப்பன், மிஷினில் மறுபக்கம் பிடிக்கிறவன், நான். சிஸ்டர் வெளியே நின்றார். கால் வாசல் பக்கம் இருந்ததால் அப்படியே தூக்கி, காலை வெளியே நீட்டினோம்.

"நில்லுங்க" என்றார் அக்கா.

நின்றோம்.

"கால் முன்னால போறவங்க யாரு? உள்ள திருப்புங்க. தலை மொதல்ல போகட்டும்."

பிணம்தான் வீட்டிலிருந்து கால் முன்னால் போகும். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தூக்குகிற அவசரத்தில் மறந்திருந்தோம்.

"அண்ணி, இது சிலை லா" என்றான் இருளப்பன். "எடமும் இல்ல. எங்க திருப்புறது?"

"எடத்த உண்டாக்கு."

சிஸ்டர் எட்டிப் பார்த்தார். "அக்கா, அவர் இறந்துட்டாரு. பரவால்ல."

"ஒங்க கோயில்ல எறந்திருப்பாரு சிஸ்டர். இந்த வீட்ட விட்டு அவரு பதினேழு வயசுல வேலைக்குப் போன மாதிரிதான போனாரு. இப்பவும் அந்தா, அந்தச் சரிவுல நிக்கப் போறாரு. கால் முன்னால அனுப்ப மாட்டேன்."

டிவியைத் தூக்கி அடுப்படிக்குக் கொண்டுபோனோம். மெத்தையைச் சுருட்டினோம். இரும்பு பீரோவை மூலைவரை இழுத்தோம். முப்பத்தொரு வருடமாக நகராமல் இருந்த பீரோ, அதன் அடியில் சிமெண்டு வேறு நிறத்தில் இருந்தது. பிஷப்பை நிமிர்த்தி, முருகன் படத்தில் இடிக்காமல், கடிகார முள் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினோம். இருபது நிமிடம் ஆயிற்று. டிசம்பர் குளிரில் எனக்கு வேர்த்தது. கடைசியில் தலை வாசலைப் பார்த்தது. கால் பக்கம் நான் பிடித்திருந்தேன், கடைசி ஆளாக.

"குனிஞ்சு, குனிஞ்சு, நிலை தட்டும்" என்றார் சாம்பசிவம். எங்களுக்குச் சொன்னாரா பிஷப்புக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை.

தலை வெளியே போனது. பனி அதன்மேல் படிந்தது. அக்கா கதவோரம் ஒதுங்கி வழிவிட்டார். நான் கடக்கும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

"போயிட்டு வாங்கய்யா" என்றார்.

நாங்கள் முற்றத்தில் இறங்கியபோது உள்ளே இரும்பு கிரீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். அம்சவல்லி அக்கா முந்தானையை இடுப்பில் செருகி, தோளைக் கொடுத்து, பீரோவைப் பழைய இடத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்.